பக்கத்துக்கு ஒரு தப்பு

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரிகை நின்றுவிட்டது உறுதி. ஆதாரம், அச்சக வாசலில் மேலாளர் கையெழுத்துடன் ஒட்டியிருக்கும் அறிவிப்பு. நானே நின்று படித்தேன். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. புரூஃப் பார்த்துத் தப்பு திருத்துகிற என்னை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அறிவிப்பு எழுதினால் அப்படித்தான் வரும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்தான் சும்மா இருக்கப் பழகவில்லை. மருந்துச் சீட்டு, பேருந்துப் பலகை, கீழே டயர் கடையின் விலைப் பலகை, எதைப் பார்த்தாலும் தப்பைத் தேடுகிறது.

டயர் கடைக்குப் பின்னால் குடியிருக்கும் அம்மாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன், பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். நேற்று மாடிக்கு ஏறி வந்தார்.

"அண்ணா, நீங்க இப்போ சும்மாதானே இருக்கீங்க?"

வேலை போனவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் பதில் ஆமாம்தான்.

அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் கணக்கு வராத பிள்ளைகளைப் பிரித்து, பின்பக்கம் ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் அதைப் பின்னறை என்கிறார்கள். டிசம்பர் தேர்வில் தேறினால் முன்னறைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் பள்ளி முடியும் வரை அங்கேதான்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்க. நான் டியூட்டி முடிஞ்சு வர்றவரைக்கும் அவ தனியாத்தான் கிடக்கா."

"நான் கணக்கு வாத்தியார் இல்லைம்மா."

"தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிப்பீங்கல்ல? அது போதும்."

இன்று முதல் நாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதுவாள், உடனே ரப்பரால் அழிப்பாள். சரியான விடையையும் அழித்தாள். பக்கம் கிழிந்து ஓட்டை விழுந்தது. நான் அவளுக்கு ரப்பர் என்று பெயர் வைத்துவிட்டேன். முகத்தில் கோபம் வந்தது. அதுவே ஒரு முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

உன் தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. மற்றபடி சுகம். ஊர் உலகத்தில் எல்லோரும் நலம் விசாரித்துவிட்டுச் செய்தி சொல்வார்கள். நீ செய்தி சொல்லிவிட்டு, இடம் மிச்சமிருந்தால் விசாரிக்கிறாய்.

வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மலை மேல் எங்கள் வானிலை நிலையத்தில் பதிவேடு எழுதுகிறவர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அளவுகளைப் பிழையில்லாமல் படியெடுக்க ஆள் வேண்டும். உன்னைத் தவிர யார் நினைவுக்கு வருவார்கள்? மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். அக்டோபர் முடிவுக்குள் விண்ணப்பம் வர வேண்டும் என்கிறார்.

உன் மாமா காலமான பிறகு பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது. அடுப்பு ஒன்றுதான் சரியில்லை. இங்கே தொலைபேசி காற்றின் வேகத்தைக் கீழே சொல்ல மட்டும்தான், தம்பியிடம் பேச இல்லை. வியாழக்கிழமை வண்டி கடிதத்தோடு மளிகையும் கொண்டுவரும். அந்த வண்டியில் ஒரு ஆள் உட்கார இடம் உண்டு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

ரப்பரின் கணக்கு எங்கே உடைந்தது என்று தெரிந்துவிட்டது. ஆதாரம், அவளே. மூன்றாம் வகுப்பில் காய்ச்சலில் படுத்திருக்கிறாள். திரும்பிப் போனபோது பின்னம் முடிந்துவிட்டது. நாலில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரிது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டு பெரிய எண் அல்லவா? வகுப்பில் நாற்பது பேர். யாரும் அவளிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அவளாக வாயைத் திறந்தபோதும் பின்னால் இருந்து யாராவது சிரித்திருக்கிறார்கள்.

அச்சகத்திலிருந்து வரும்போது வெற்றுத் தாள் ஒரு கட்டு தூக்கி வந்திருந்தேன். அதில் ஒன்றை அவள் கையில் கொடுத்து மடிக்கச் சொன்னேன். ஒரு மடிப்பு, இரண்டு பங்கு. இன்னொரு மடிப்பு, நாலு. இன்னொன்று, எட்டு. புத்தகத் தாளை நாங்கள் மடிக்கிற அதே வழி.

மடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"சார், மடிக்க மடிக்க சின்னதாகுது."

"ஆமா."

"அப்போ எட்டுதான் சின்னது."

"ஆமா."

"இதை ஏன் யாரும் சொல்லல?" என்று என்னைத் திட்டினாள். ஏதோ நான்தான் ஒளித்துவைத்திருந்தேன் என்பது போல.

ரப்பரையும் பென்சிலையும் வாங்கி வைத்துக்கொண்டு பேனா கொடுத்திருக்கிறேன். அச்சகச் சட்டம்தான் இங்கேயும். தப்பானால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. கீழே என்ன இருந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். தப்பை ஒழித்துக்கட்டினால் அது எப்படி வந்தது என்று தெரியாமலே போய்விடும்.

மலைக்கு வருவது பற்றி யோசிக்கிறேன். டிசம்பர் வரை இந்தப் பிள்ளை இருக்கிறாள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

நலம். இங்கே மூன்று நாளாக மேகம் ஜன்னலுக்குள் வந்து போகிறது. மலைக்கு வருவது பற்றிய உன் யோசனை ஒரே வரியில் முடிந்துவிட்டதைக் கவனித்தேன்.

ரப்பரை எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாததற்குக் கோபப்படுகிற பிள்ளை தேறிவிடும்.

இங்கே ஒரு கூத்து. புதிதாக வந்த பையனை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம். வெளியே போய் வெப்பமானியைப் பார்க்காமல், அறையில் தேநீர் குடித்துக்கொண்டே அளவு எழுதியிருக்கிறான். எப்படிப் பிடித்தேன் என்கிறாய்? அவன் எழுதியது அழகாக இருந்தது. ஒரே சீராக ஏறி, ஒரே சீராக இறங்கியது. உண்மையான வானிலைக்கு அத்தனை ஒழுக்கம் கிடையாது. அது திடீரென்று முறைத்துக்கொள்ளும்.

அவன் போனதால் மேஜையில் நான் ஒருத்திதான். தேநீர் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு ஒன்றை ஆறவிடுகிறேன். பழக்கம்.

கண்ணைக் காட்டினாயா?

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ரப்பர் வகுப்பில் கை தூக்கினாள். ஆதாரம் இரண்டு: அவள் சொன்னது, அவள் ஆசிரியை அம்மாவிடம் சொன்னது. இரண்டும் ஒத்துப்போவதால் வெளியிடலாம்.

ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். தினமும் ஒரு பக்கம் கணக்கை நானே போட்டுக் கொடுப்பேன். அதில் வேண்டுமென்றே ஒரே ஒரு தப்பு இருக்கும், பெரும்பாலும் மூன்றாவது கணக்கில். அவள் கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும். முதல் வாரம் என் தப்பைத் தொடவே பயந்தாள். பெரியவர் போட்டது தப்பாக இருக்குமா என்று. இப்போது காத்திருந்து பாய்கிறாள். "சார், இதெல்லாம் ஒரு தப்பா? கொஞ்சம் கஷ்டமா போடுங்க" என்கிறாள்.

திங்கட்கிழமை பின்னறையில் ஆசிரியை பலகையில் கணக்குப் போடும்போது ஒரு பின்னத்தின் கீழ் எண்ணை மாற்றி எழுதிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. இவள் கை தூக்கி, எழுந்து நின்று, "மிஸ், அங்க ஒரு கோடு போடணும்" என்றிருக்கிறாள். ஆசிரியை திரும்பிப் பார்த்து, சாக்கட்டியை இவள் கையிலேயே கொடுத்துவிட்டார். "எல்லாரும் பார்த்தாங்க சார், ஒருத்தனும் சிரிக்கல" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போது நாற்காலியில் முழுதாக உட்காருகிறாள். கால் தரையில் எட்டாததால் ஆட்டிக்கொண்டே கணக்குப் போடுகிறாள்.

உன் நிலையத்து வேலையைப் பற்றி அவள் அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு. இவ முன்னறைக்குப் போயிட்டா நீங்க நிம்மதியா கிளம்பலாம். அதுவரைக்கும் உங்களை விட மாட்டேன்" என்றார். ரப்பர் பக்கத்தில்தான் நின்றாள்.

கண்ணைக் காட்டினேன். வயது என்கிறார்கள்.

உன் தம்பி


செப்டம்பர் 4

தம்பிக்கு,

பலகையும் சாக்கட்டியும் பற்றி நீ எழுதியதைச் சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு வெங்காயம் என்றார். அன்றைக்கு வெங்காயம் நறுக்கவில்லை.

பக்கத்து அறை அடுப்பைச் சரிபார்த்துவிட்டேன். உனக்காக என்று நினைக்காதே. கெட்டுப் போனதைச் சரிசெய்துதானே ஆக வேண்டும்.

அவள் இந்த வேகத்தில் போனால் டிசம்பர் பயம் வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. அக்டோபர் முடிவை நினைவில் வை.

நலமாக இரு.

அக்கா


செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

ரப்பர் கொஞ்சம் சறுக்குகிறாள். பெரிதாக இல்லை. பக்கத்துக்கு ஒரு தப்பு வருகிறது. பெரும்பாலும் மூன்றாவது கணக்கில். மற்றதெல்லாம் சுத்தம். பள்ளியில் வைத்த சின்னத் தேர்விலும் அப்படியே, தாளுக்கு ஒன்று என்று ஆரம்பித்து இப்போது இரண்டு. ஆசிரியை கவலைப்படுகிறார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியறவரைக்கும் இருங்கண்ணா, உங்களாலதான் இவ்வளவாவது வந்திருக்கா" என்றார்.

ஆகவே இப்போதைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பாதியில் விட முடியாது. உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. வேறு ஆள் பார்க்கட்டும்.

டயர் கடை இப்போது ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறது. சத்தம் இருக்கிறது. பரவாயில்லை, சத்தம் நல்லதுதான்.

உன் தம்பி


அக்டோபர் 9

டேய் தம்பி,

நலம் விசாரித்து ஒரு கடிதம் ஆரம்பித்தாய். முதல்முறை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்ல உறுதியான செய்தி இல்லாதபோதுதான் நீ மரியாதையாக எழுதுவாய்.

மூன்றாவது பத்திக்குக் கீழே ஒரு வரியை அடித்திருக்கிறாய். உன் அச்சகச் சட்டப்படி ஒரே கோடு. கீழே இருப்பதைப் படிக்க முடிகிறது. "அந்த ஒரு மணி நேரம்தான் நான் பேசுகிற நேரம்." படித்துவிட்டேன். அதற்காக என்னை மன்னிக்கச் சொல்லி எழுத மாட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். பக்கத்துக்கு ஒன்று. மூன்றாவது கணக்கு. மற்றதெல்லாம் சுத்தம். அறையில் உட்கார்ந்து அளவு எழுதினானே ஒரு பையன், அவன் பதிவேடு மாதிரியே இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் என்ன சொன்னாய்? நிஜத் தப்பு கூட்டமாக வரும் அக்கா, களைத்துப்போன இடத்தில் வரும், ஒன்று இருந்தால் பக்கத்திலேயே இன்னொன்று பதுங்கியிருக்கும் என்று. இந்தப் பிள்ளையின் தப்பு நீ ஒளித்துவைக்கிற இடத்திலேயே போய் உட்காருகிறது.

மலையில் இருக்கிற எனக்கே தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியாதா?

அவள் தேர்விலும் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முழங்கால் பற்றி இந்த வாரம் சொல்வதற்கில்லை.

அக்கா


நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: தெரியும். முதல் நாளே தெரியும். ஆதாரம், நான்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காய்ச்சல் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை.

திங்கட்கிழமை அவள் பக்கத்தை நீட்டினாள். மூன்றாவது கணக்கில் தப்பு. நான் பேனாவை எடுக்கவில்லை.

"ரப்பர், இது வேணும்னே போட்டது."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"எப்போலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவளே தொடர்ந்தாள். "நீங்க மட்டும் வேணும்னே தப்பு போடலாமா?"

"நான் போடறது நீ கண்டுபிடிக்க."

"நான் போட்டதும் நீங்க கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடிச்சா நிறுத்திடலாம்னு இருந்தேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சரி, சாருக்கும் நான் வரணும் போலன்னு விட்டுட்டேன்."

பன்னிரண்டு வயது அக்கா. இத்தனை வருடம் எழுத்தைப் பார்த்தவன் நான். என்னை அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

"தேர்வுலயும் போடுவியா?"

"போட்டா பின்னறை. பின்னறைன்னா நீங்க இங்கேயே இருப்பீங்க. அம்மா சொன்னாங்கல்ல?"

"முன்னறையோ பின்னறையோ, டிசம்பர்ல நான் கிளம்பறேன். எங்க அக்கா கிட்ட போறேன்."

"பொய்."

மேஜை இழுப்பறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன். உன் போன கடிதம் வந்த அன்றே நிரப்பி வைத்திருந்தேன், அனுப்பத்தான் இல்லை. அவள் முழுவதும் படித்தாள், ஒவ்வொரு கட்டமாக, நான் கற்றுக்கொடுத்த மாதிரி விரலை வைத்துக்கொண்டு. பிறகு சொன்னாள், "பிறந்த தேதியில இந்த வருஷம் போட்டிருக்கீங்க."

பார்த்தேன். போட்டிருந்தேன்.

"இது வேணும்னேவா?"

"இல்ல. இது நிஜத் தப்பு."

பேனாவை எடுத்து அதன்மேல் ஒரே கோடு போட்டாள். என்னை வருடம் சொல்லச் சொல்லி மேலே எழுதினாள். பேனாவை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அதன்பிறகு வரவில்லை. அம்மாவிடம் தலைவலி என்று சொல்கிறாளாம். நானும் நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர், "ரெண்டு பேரும் தெரிஞ்சேவா?" என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். கெடு தாண்டிவிட்டது, தெரியும். இன்னும் இடம் இருந்தால் கொடு. இல்லையென்றாலும் அவளுக்கு நான் சொன்னது சொன்னதுதான்.

உன் முழங்காலைச் சொல்.

உன் தம்பி


நவம்பர் 20

தம்பிக்கு,

முழங்கால் சுகம். விண்ணப்பம் கிடைத்தது. மேலதிகாரி கெடுவைப் பற்றி முணுமுணுத்தார். மலைக்கு வர ஆசைப்பட்டு வரிசையில் யாரும் நிற்கவில்லை என்று நான் ஞாபகப்படுத்தியதும் வாங்கிக்கொண்டார். பிறந்த தேதியைத் திருத்தியது யார் என்று கேட்டார். புரூஃப் பார்க்கிறவர் என்றேன்.

அந்த ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நேராகப் போட்டிருக்கிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ நல்லாயிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. இரண்டாவது தேநீர் ஆறுவதைப் பார்க்க முடியவில்லை. உன் மேல் நான் கோபப்பட்டதில் பாதி அதுதான். அந்தப் பிள்ளைக்கு அது தெரிந்தால் என்னையும் சேர்த்துத்தான் திட்டுவாள்.

தேர்வு எப்படிப் போயிற்று என்று எழுது. டிசம்பர் 11, வியாழக்கிழமை வண்டியில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தேர்வு முடிந்துவிட்டது. ஆதாரம், ரப்பர். நேற்று சாயங்காலம் மாடிக்கு ஏறி வந்து சொன்னாள்.

இந்த ஒரு மாதமும் அவள் வரவில்லை. நான் அந்த நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே டயருக்குக் காற்று அடிப்பார்கள். அது நின்றால் அவள் வீட்டு வானொலி கேட்கும். அவளும் தனியாகத்தான் இருந்தாள், நானும் தனியாகத்தான் இருந்தேன், நடுவில் ஒரு படிக்கட்டு. இறங்கிப் போய்க் கூப்பிடலாம் என்று தினமும் தோன்றும். போனால் நான் சொன்னது பொய் என்று அவள் நினைத்துவிடுவாள்.

நேற்று நாற்காலியில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எழுதிட்டேன்."

"எப்படி?"

"சொல்ல மாட்டேன்."

"மூணாவது கணக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

மூட்டை கட்டி வைத்திருந்த புத்தகங்களைப் பார்த்தாள். காலி அலமாரியைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். நான் போட்டுக் கொடுப்பது போலவே ஒரு பக்கம் கணக்கு, பேனாவில்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க. கஷ்டமா போட்டிருக்கேன்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ரிசல்ட்டைப் பலகையில ஒட்டுவாங்க. பார்த்துட்டு நேரா இங்க வருவேன். அப்போ சொல்றேன்."

அவள் போன பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தேன். காலையில் மறுபடி பார்த்தேன். அட்டையால் மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். பின்னங்கள் எல்லாம் கடைசிவரை சுருக்கியிருக்கின்றன. கூட்டல் சரி. கழித்தல் சரி. மூன்றாவது கணக்கு மிகச் சரி. ஒரு தப்பும் இல்லை, அக்கா. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

நலமாகவே இருக்கிறேன். இந்தக் கடிதம் வரும் வண்டியில்தான் நானும் வருவதாக இருந்தது. எனக்குச் சொல்லி வைத்த இடத்தில் இந்த வாரம் மளிகைதான் உட்கார்ந்து வந்திருக்கும். முன்னறையா பின்னறையா என்பது இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, 12ஆம் தேதி, பள்ளி விட்டதும் தெரியும். அடுத்த வியாழக்கிழமை வண்டியில் நான் இருப்பேன். அதுவரை இரண்டாவது தேநீரை ஆறவிடு.

உன் தம்பி